படம் வந்ததும் அந்தரத்தில் நின்றுபோன நாவல்கள்: உங்களுக்கு எது மாட்டியது?

செம்பனைக்காட்டான்:
சுங்கை சிப்பூட் பசார் மாலாமில் (இரவுச் சந்தை) பழைய புத்தகத்தைத் தரையில் பரப்பி விற்கும் அங்கிளிடம் ‘ஸ்பிளின்டர் ஆஃப் தி மைன்ட்ஸ் ஐ’ கிடைத்தது, ஆலன் டீன் ஃபாஸ்டர் 1978இல் எழுதிய ஸ்டார் வார்ஸ் நாவல். ஸ்டார் வார்ஸ் படங்களை எல்லாம் பார்த்து முடித்தபின் இதைப் படித்தால் நெளியத்தான் வேண்டும், நாயகன் லூக்கும் இளவரசி லேயாவும் ஒருத்தரையொருத்தர் பார்க்கிற பார்வையே சரியில்லை! அண்ணன் தங்கச்சி என்று 1983இல் வந்த படம்தானே சொன்னது, பாவம் ஃபாஸ்டர் என்ன செய்வார். முதல் படம் ஓடாவிட்டால் சிக்கனமாக இரண்டாவதை எடுத்துவிடலாம் என்ற கணக்கில் எழுதிய கதையாம், அதனால்தான் எங்கே பார்த்தாலும் பனிமூட்டம், செட் போடும் செலவு மிச்சம். ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போடாததால் அவர் நடித்த ஹான் சோலோவும் இல்லை. ஆனால் லேயாவே லைட்சேபரை (ஒளிவாள்) எடுத்து வில்லன் வேடரோடு மோதுகிற இடம் இருக்கே, படத்தில்கூட அப்படி ஒன்று வரவில்லை.

லயத்துப் பையன்:
அண்ணே, எங்க வீட்டுக் கதை இதைவிட மோசம். என் மூத்த அண்ணன் ஈப்போவில் ஓவர்டைம் பார்த்த காசில் ‘நியூ ஜெடை ஆர்டர்’ என்ற ஸ்டார் வார்ஸ் நாவல் வரிசையை ஒவ்வொன்றாகச் சேர்த்தார், மொத்தம் 19 நாவல். 1999இல் வந்த முதல் நாவலிலேயே ஒரு நிலாவைக் கிரகத்தின் மேல் விழவைத்து, ஹான் சோலோவின் கூட்டாளி சூபாக்காவைச் சாகடித்துவிடுகிறார்கள். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்று அம்மா இன்னமும் சொல்லிச் சிரிப்பார். அப்புறம் 2014 ஏப்ரலில் ஸ்டார் வார்ஸ் எடுக்கும் லூகாஸ்ஃபிலிம் அந்த நாவல்களை எல்லாம் ‘லெஜன்ட்ஸ்’ என்று, அதாவது படக்கதையில் சேராதவை என்று, ஓரமாகத் தள்ளியது, 2015 படத்தில் சூபாக்கா ஜம்மென்று வந்து நிற்கிறான். உயிரோடு வந்துவிட்டான் என்று சந்தோஷப்படுவதா, அழுத அழுகை வீண் என்று கோபப்படுவதா? அண்ணன் கோபம்தான் பட்டார். பழைய பேப்பர் வாங்கும் ‘பேப்பர் லாமா’ லாரி வந்தபோது பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார், நான் ஓடிப்போய் இரண்டை மட்டும் உருவிக்கொண்டேன்.

கித்தாமரம்:
தம்பி, ஏலியன்ஸ் கதை தெரியுமா? ‘ஏலியன்’ வரிசையின் அந்த இரண்டாவது படத்தில் தப்பித்த சிப்பாய் ஹிக்ஸையும் சிறுமி நியூட்டையும் வைத்து டார்க் ஹார்ஸ் காமிக்ஸ் போட்டது, 1992இல் மூன்றாவது படம் அந்த இரண்டு பேரையும் ஆரம்பத்திலேயே முடித்துவிட்டது. அதே காமிக்ஸை ஸ்டீவ் பெர்ரி நாவலாக்கியபோது அவர்கள் பெயர் வில்க்ஸ், பில்லி என்று மாறிவிட்டது! ஆள் அதே ஆள்தான், அதே கெட்ட கனவு. படிக்கிறவன் கண்டுபிடிக்கமாட்டான் என்று நினைத்தார்கள் போல. எனக்கென்னவோ இப்படி ஒட்டுப்போடுவதைவிட ‘இது வேறு கதை’ என்று நேராகச் சொல்லிவிடுவது மரியாதை.

செம்பனைக்காட்டான்:
அக்கா சொல்வது சரி. எனக்கு எரிச்சல் இன்னொன்றில். வேண்டாததைத் தள்ளுகிறவர்கள் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டார் வார்ஸில் கோரஸான்ட் என்ற கிரகத்தின் பெயர் டிமத்தி ஸானின் 1991 நாவலில் வந்தது, 1999 படத்தில் தலைநகரமே அதுதான். அவருடைய வில்லன் திரானையும் 2016இல் ‘ரெபல்ஸ்’ டிவி தொடருக்குக் கொண்டுவந்தார்கள், ஆனால் அவனைச் சுற்றி அவர் எழுதிய கதை தள்ளினது தள்ளினதுதான்.

கித்தாமரம்:
ஆர்தர் சி. கிளார்க்கையும் சேர்த்துக்கொள். அவருடைய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ நாவலில் விண்கப்பல் சனிக்கிரகத்துக்குப் போகிறது, குப்ரிக்கின் படத்தில் வியாழன். 1982இல் அடுத்த நாவல் எழுதும்போது மனுஷன் தன் புத்தகத்தை விட்டுவிட்டுப் படத்தின் பக்கம் போய்விட்டார், வியாழன்தான் என்று குறிப்பு எழுதிவிட்டுத்தான் கதையையே தொடங்குகிறார்.