கார் கதவில் காற்றுச் சத்தம்: ரப்பரை மாற்றுவதா, கதவைச் சரிசெய்வதா?

வணக்கம் நண்பர்களே. கார் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் டிரைவர் பக்கக் கதவில் விசிலடிப்பது போல் காற்றுச் சத்தம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே முடியவில்லை.

இடுக்கு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டினேன், சத்தம் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்த்ததில் சைடு மிரருக்கு மேலே உள்ள மூலைதான் காரணம். அங்கே ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் பிடிப்பே இல்லாமல் வந்துவிடுகிறது. பின்பக்கம் நல்ல இறுக்கம். ரப்பரில் கிழிசல் இல்லை, ஆனால் அமுங்கித் தட்டையாகிவிட்டது. சிலிகான் கிரீஸ் தடவியும் பலனில்லை.

ஸ்ட்ரைக்கரை (கதவுப் பூட்டு வந்து மாட்டிக்கொள்ளும், கார் பாடியில் உள்ள கொக்கி) உள்ளே தள்ளினால் பின்பக்கம்தான் இன்னும் இறுகும். மெக்கானிக்கோ கதவின் மேல் சட்டத்தை லேசாக வளைக்கலாம் என்கிறார். பெயிண்ட் விரிசல் விடுமோ என்று பயமாக இருக்கிறது. ரப்பரை மட்டும் மாற்றி யாருக்காவது சரியானதா? இல்லை, கீலையும் சரிசெய்ய வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.