புதுப்பிப்பு: ஃபோர் வீல் ஜீப் வாங்கியாச்சு

யாழ்ப்பாணக் கரையோர ஊரான மருதங்கேணியின் மணலுக்கு எந்த ஃபோர் வீல் ஜீப்பை நம்பலாம் என்று கேட்டிருந்தேன். பலரும் டொயோட்டா என்றீர்கள். சரி, அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. ஆனால் 2020 முதல் 2025 வரை இலங்கையில் இருந்த வாகன இறக்குமதித் தடையால் சந்தையில் நின்றவை பெரும்பாலும் பழைய வண்டிகள். அங்கே பெயரைவிட செசிதான், அதாவது வண்டியின் அடிச்சட்டம்தான் பேசும். நல்ல பெயருள்ள ஒன்றின் அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் தட்டினேன். புதுப் பெயின்ட்டோடு துரு செதில் செதிலாக உதிர்ந்தது. உப்புக்காற்று விடுமா?

கடைசியில் மிட்சுபிஷி மொன்டேரோ எடுத்தேன், சூப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் முறை உள்ளது. முன் சில்லுகளும் பின் சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவிலும் இருப்பதால் காய்ந்த தார் றோட்டிலும் நாலு சில்லுக்கும் இழுவை கொடுத்து ஓட்டலாம். நடுவில் அது இல்லாத, தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீலுக்கு மாற்றும் சாதாரண பார்ட் டைம் வண்டியில் அப்படி ஓட்டினால் கியர்ப் பகுதிகள் இறுகித் தேயும். தயாரிப்பு 2021இல் நின்றுவிட்டது, அதனால் உதிரிப்பாகங்களை இப்போதே விசாரித்து வைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் நல்ல இடம் தெரிந்தால் சொல்லுங்கோ.