ரேஸ் ஓடி நிண்ட குதிரைக்கு நல்ல வீடு தேடுறன்

வெள்ளவத்தைக்காரி:
மாமா தவறின பிறகு அவற்ற கணக்கு வழக்கைப் பார்க்கப் போய் எனக்கு ஒரு குதிரை வந்து சேர்ந்திருக்கு. நகையில்லை, காணியில்லை, குதிரை. குதிரையில மாமாவோட பங்கு வைச்சிருந்தவர் கனடா போறாராம், அவற்ற பங்கையும் எனக்கே எழுதித் தந்திட்டார்.

தறபிரட் எண்ட ரேஸ் குதிரை இனம், காயடிச்சது, 9 வயசு. இந்தியாவில இருந்து வந்து நுவரெலியாவில ஏப்ரல் சீசனுக்கு ஓடினது. முன் இடது கால் தசைநாண் வீங்கினதோட ரேஸ் ஓடுறது முடிஞ்சுது. இப்ப நொண்டல் இல்லை. மெதுவா ஏறி ஓடலாம், பாய விடவேண்டாம் எண்டு மிருக வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

லாயத்தில கூப்பிடுற பேர் கண்ணன். திரீவீல் ஹோர்னுக்கு அசையமாட்டான், குடை விரிச்சா மட்டும் பின்னுக்குப் பாய்வான். நுவரெலியாவில இருந்துகொண்டு குடைக்குப் பயம்!

காசு வேண்டாம். ஆனா கிரகரி வாவிக் கரையில சவாரிக்கு விடக்கூடாது, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குக் குடுக்கக்கூடாது, கைமாத்தக்கூடாது. நான் இருக்கிறது ரெண்டாம் மாடி பிளட். ஆரும் எடுப்பினமோ?

தெஹிவளைப் பொடியன்:
அக்கா, நெடுந்தீவில கொண்டுபோய் விடுங்கோவன். அங்க குதிரையள் சும்மா திரியுதுகள்தானே.

வெள்ளவத்தைக்காரி:
தம்பி, அதுகள் தலைமுறை தலைமுறையா அந்த மண்ணில வளர்ந்த மட்டக் குதிரையள். அதுகளே கோடையில தண்ணியில்லாமச் சாகுதுகள். கண்ணன் வாளியில தீனி தின்டு வளர்ந்தவன், ஒரு கிழமை தாங்கான்.

பழைய லாயக்காரன்:
பிள்ளை, முதல்ல அந்தக் 'காசு வேண்டாம்' எண்டதை அழியுங்கோ. சும்மா கிடைக்குதெண்டா வாங்கி விக்கிறவன்தான் முதல் ஆளா வந்து நிப்பான். ஒரு விலை சொல்லுங்கோ, நல்ல ஆள் எண்டு மனசுக்குப் பட்டாப் பிறகு குறையுங்கோ. ஒரு மாசம் வைச்சுப் பார்க்கட்டும். வைச்சிருக்க ஏலாட்டி உங்களிட்டயே திருப்பித் தரவேணும் எண்டு எழுத்தில வாங்குங்கோ.

எங்கட அப்பா ரீட் அவெனியூ ரேஸ் கோர்ஸ் லாயத்தில வேலை செய்தவர், 1956 இல கொழும்பில ரேஸ் நிக்கும் வரைக்கும். நான் சவாரி பழக்கிற இடத்தில கன காலம். அதால சொல்லுறன், கொழும்புக்கு இறக்கிறதெண்டா யோசியுங்கோ. 6000 அடி உயரத்துக் குளிரில இருந்த குதிரையை இந்தப் புழுக்கத்துக்குக் கொண்டு வந்தா சிலதுக்கு வேர்வை சுரக்கிறதே நிண்டு போகும். வெயிலில மேல் காய்ஞ்சு கிடக்கும், மூச்சு மட்டும் இளைக்கும். அப்பிடிக் கண்டா உடன நிழல், தண்ணி, காத்து, அதோட வைத்தியர்.

அடுத்தது தீனி. ரேஸ் குதிரைக்கு வயித்துப்புண் சாதாரணம். ஓட்ஸைச் சட்டெண்டு நிப்பாட்டிப் புல்லுக்கு விடாதேங்கோ, பத்து நாளாவது எடுத்து மாத்துங்கோ. குதிரைக்குச் சத்தி எடுக்க ஏலாது, வயித்துக்குத்து வந்தா உயிருக்கே ஆபத்து. 450 கிலோக் குதிரைக்கு நாளைக்கு 8, 9 கிலோ காய்ஞ்ச புல் வேணும், தண்ணி 30 லீட்டருக்குக் குறையாது. குளம்பு சீவ 6 தொடக்கம் 8 கிழமைக்கு ஒருக்கா ஆள் வரவேணும். எடுக்கிறவரிட்ட இந்தச் செலவைக் கேளுங்கோ, பாதிப் பேர் அப்பவே ஓடிடுவினம். தனியா விடவும் கூடாது. வேற குதிரை இல்லாட்டி ஒரு ஆடாவது பக்கத்தில நிக்கட்டும்.

கொட்டாஞ்சேனை அப்பா:
எங்களுக்குக் குளியாப்பிட்டியில 6 ஏக்கர் தென்னங்காணி இருக்கு. மகள் குதிரை ஓடப் பழகுறா, பத்தொன்பது வயசு. காணியில ஒரு கிழட்டு மட்டக் குதிரையும் நிக்குது. காவல்காரர் குடும்பத்தோட அங்கேயே இருக்கிறார். வந்து பாருங்கோ தங்கச்சி.

வெள்ளவத்தைக்காரி:
கேக்கச் சந்தோசமா இருக்கு அண்ணா. வேலி என்ன மாதிரி?

கொட்டாஞ்சேனை அப்பா:
முள்ளுக்கம்பிதான். மாடு நிண்ட காணி.

பழைய லாயக்காரன்:
அது சரிவராது. மாடு கம்பியைக் கண்டா நிக்கும். தறபிரட் வெருண்டா நேரா அதுக்குள்ளதான் போகும். வேலிக்கரையில இப்பில் இப்பில் மரம் நிண்டாலும் வெட்டுங்கோ, அதைத் தின்டா பிடரிமயிரும் வாலும் கொட்டும். தென்னைக்குக் கீழ கட்டவும் வேண்டாம், தேங்காய் விழுறதுக்கு நேரம் காலம் இல்லை.

கொட்டாஞ்சேனை அப்பா:
ரெண்டு ஏக்கரை மரச்சட்டம் போட்டு மறிக்கலாம். தச்சனிட்டக் கேட்டிட்டுச் சொல்லுறன்.

வெள்ளவத்தைக்காரி:
சரி அண்ணா. சட்டம் போட்டு முடிஞ்ச பிறகு நானும் வைத்தியரும் வந்து பார்க்கிறம். மகளையும் நிக்கச் சொல்லுங்கோ, கண்ணனைப் பார்க்கப் போறது அவதானே. ஒரு மாச ஒப்பந்தத்தை நான் எழுதிக்கொண்டு வாறன்.