பவர் பிரஸ்ஸில் டை மாற்றும்போது எமர்ஜென்சி பட்டன் போதுமா?

டைசெட்டர்_ஓசூர்:
எங்கள் ஷாப்பில் தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் 100 டன் நியூமேட்டிக் (காற்றழுத்த) கிளட்ச் பிரஸ். டை (அச்சு) மாற்றும்போது எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டு, 'வேலை நடக்கிறது' என்று போர்டு மாட்டுவோம். போன வாரம் நான் உள்ளே கை விட்டிருக்கும்போதே ஹெல்பர் அந்தப் பட்டனைத் திருகி விடுவித்துவிட்டார். பூட்டு கேட்டால், "அதான் போர்டு இருக்கே" என்கிறார் சூப்பர்வைசர். என்ன செய்வது?

பேனல்காரன்:
எமர்ஜென்சி பட்டன் கன்ட்ரோல் சர்க்யூட்டைத்தான் வெட்டும், பேனலுக்கு வரும் பவர் அப்படியே இருக்கும். ஐசொலேட்டர் (மெயின் பவரை வெட்டும் சுவிட்ச்) கைப்பிடியில் பூட்டு மாட்ட ஓட்டை இருக்கும், பாருங்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால் ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

பழைய_ஃபிட்டர்:
தம்பி, கரண்ட் பாதிக் கதைதான். மோட்டார் நின்றாலும் ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கன்ட்ரோலும் காற்றும் இருந்து, யாராவது பெடலை மிதித்தால் ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) முழு ஸ்ட்ரோக் இறங்கும். விரல் போனவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன், வீல் அசையாமல் நிற்கும்வரை டைக்குள் கை போகவே கூடாது.

வீல் நின்றதும் ஐசொலேட்டரைப் பூட்டுங்கள். அப்புறம் ராமுக்கு அடியில் சேஃப்டி பிளாக் என்கிற முட்டு வையுங்கள். அது ராமின் எடையைத் தாங்கத்தான், 100 டன் அடியைத் தாங்காது. அதனால் வீல் சுற்றும்போது வைத்துப் பலனில்லை. பிளாக் வைத்த பிறகே காற்றை இறக்க வேண்டும். கவுன்டர்பாலன்ஸ் சிலிண்டரில் உள்ள காற்றுதான் ராமின் எடையைத் தூக்கிப் பிடிக்கிறது. அதை முதலில் இறக்கிவிட்டால் பாரமெல்லாம் பிரேக் மேல் விழும், பிரேக் தேய்ந்திருந்தால் ராம் கீழே வரும். காற்று வால்வையும் பூட்டி, கேஜ் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். கடைசியாக, எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். எதுவும் அசையக் கூடாது.

டைசெட்டர்_ஓசூர்:
ரொம்ப நன்றி அண்ணா. ரெண்டு பேர் வேலை செய்து, ஒருவர் தன் பூட்டை எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால்?

பழைய_ஃபிட்டர்:
ஒரே இடத்தில் பல பூட்டு மாட்டுகிற ஹாஸ்ப் கிடைக்கிறது. ஆளுக்கொரு பூட்டு, சாவி அவரவர் பையில். அமெரிக்காவில் 1989-இல் வந்த ஓஷா (அரசின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு) விதிப்படி பூட்டியவர்தான் திறக்க வேண்டும். அவர் இல்லையென்றால், ஃபேக்டரிக்குள் எங்கும் இல்லை என்று உறுதி செய்து, போனில் பிடிக்கப் பார்த்துவிட்டுத்தான் பொறுப்பாளர் எடுக்கலாம். மறுநாள் அவர் வேலையில் கை வைக்குமுன் அதைச் சொல்லியாக வேண்டும். இதை எழுதி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.