வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை. யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

தூக்கமிலி:
மாரடைப்பில் என் இதயம் நின்றுபோய், ஷாக் கொடுத்துத்தான் மீட்டார்கள். உடம்பு தேறிவிட்டது. பிழைத்து வந்த மற்றவர்கள் ஒளி, நிம்மதி, இறந்துபோன அப்பா அம்மா என்கிறார்கள். நான் போன இடத்தில் ஒன்றுமே இல்லை. இருட்டு என்றுகூடச் சொல்ல மாட்டேன். இருட்டைப் பார்க்கக் கண் வேண்டுமே. மகளை நினைக்கப் பார்த்தேன். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை, நானும் இருந்ததில்லை என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. இன்னும் என்னை விடாமல் பிடித்திருப்பது அதுதான்.

ஐசியூவில் கண் விழித்தபின் கூரையில் பூச்சி ஊர்ந்தது, நர்சுகள் என்னைக் கடத்தி வைத்திருப்பதாக நினைத்தது எல்லாம் மங்கிவிட்டன. இப்போது சிரித்துக்கொண்டே சொல்வேன். இது மட்டும் மங்கவில்லை. நண்பர் ஒருவர், ‘நல்லவங்களுக்கு வெளிச்சம்தான் தெரியுமாம்’ என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். என் ஞாபகத்தை நான் நம்பலாமா?

நேர்கோடு:
மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் என்ன வேண்டுமானாலும் தோன்றும். விட்டுத்தள்ளுங்கள்.

நைட்_டியூட்டி:
நான் ஐசியூ நர்ஸ். பூச்சியும் கடத்தலும் டெலிரியம் சார், அதாவது தீவிர நோயில் வரும் தற்காலிக மனக்குழப்பம், அடிக்கடி பார்ப்போம். தொண்டைக் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கச் சில சமயம் கையைக் கட்டி வைப்போம். சளியை உறிஞ்சி எடுக்கும்போது மூச்சு முட்டும். மருந்து மயக்கத்தில் அரைகுறையாக விழித்திருப்பவருக்கு அது கடத்தலாகத்தான் தெரியும். அதையும் மற்றதையும் நீங்களே பிரித்துச் சொல்வதைக் கவனித்தேன்.

மற்றதற்கும் பெயர் உண்டு: சாவின் விளிம்பு அனுபவம் (near-death experience). இதை ஆராயும் மனநல மருத்துவர் புரூஸ் கிரேசனும் ஆய்வாளர் நான்சி இவான்ஸ் புஷ்ஷும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், பயமுறுத்திய 50 அனுபவங்களைத் திரட்டி மூன்று வகையாகப் பிரித்தார்கள். மற்றவர்கள் இன்பமாகச் சொல்லும் அதே சுரங்கமும் ஒளியும் ஒருவருக்குப் பீதியாக வருவது முதல் வகை. மூன்றாவது நரகக் காட்சி. நடுவில் இருப்பது முழு வெறுமை, ‘நீ இருந்ததே இல்லை’ என்கிற உணர்வோடு. அப்படியே நீங்கள் எழுதியிருப்பது! உங்கள் நண்பர் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஒருவர் வாழ்ந்த விதத்தை வைத்து அவருக்கு எது தோன்றும் என்று யாராலும் கணிக்க முடிந்ததில்லை.

2001-இல் வெளியான ஆய்வுக்காக நெதர்லாந்தில் இதயம் நின்று பிழைத்த 344 பேரைக் கேட்டார்கள். 62 பேருக்கு ஏதோ ஓர் அனுபவம். பயந்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படுக்கைப் பக்கம் நின்று ‘என்ன பார்த்தீங்க?’ என்று ஆசையாகக் கேட்டால், வெறுமையைப் பார்த்தேன் என்று எவர் சொல்வார்?

பின்பெஞ்ச்:
ஞாபகம் பற்றிக் கேட்டீர்கள். கிரேசன் இப்படி அனுபவம் கண்ட 72 பேரின் பழைய வாக்குமூலங்களை ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்துப் புதியவற்றோடு ஒப்பிட்டார் (2007). கூட்டிச் சொல்லும் போக்கு தெரியவில்லை. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழு 2013-இல் கண்டது இன்னும் விசித்திரம்: இந்த ஞாபகங்கள், நிஜமாக நடந்த சம்பவங்களின் ஞாபகத்தைவிடத் தெளிவாகவும் விவரமாகவும் இருந்தன.

ஆனால் தெளிவு சாட்சியாகிவிடாது. மூளை விஞ்ஞானி டேவிட் ஈகிள்மேன் குழு ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து மல்லாக்க வலையில் விழவிட்டது. தாங்கள் விழுந்த நேரத்தை அவர்கள் சராசரியாக 36 சதவீதம் கூட்டிச் சொன்னார்கள். விழும்போது கையில் கட்டியிருந்த கருவியில் வேகமாக மாறும் எண்களைப் படிக்கச் சொன்னால், வழக்கத்தைவிட வேகமாகப் படிக்க முடியவில்லை. காலம் மெதுவானது ஞாபகத்தில்தான். பயம் ஞாபகத்தை அடர்த்தியாகப் பதிக்கிறது. நீங்கள் அனுபவித்தது பொய்யில்லை. அது உங்களுக்குச் சொன்ன சேதி உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நேர்கோடு, ஆக்ஸிஜன் காரணமாகவே இருக்கட்டும், அதனால் மனிதருக்குத் தூக்கம் வந்துவிடுமா?

தூக்கமிலி:
சிஸ்டர், இதை எழுதி வைக்கலாமா? திரும்பத் திரும்ப நினைத்தால் இன்னும் ஆழமாகிவிடுமோ என்று பயம்.

நைட்_டியூட்டி:
எழுதுங்கள் சார். மற்றவர்கள் கதையை மேலும் படிப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள், கலந்துவிடும். ஐசியூ பகுதியைத் தனித்தாளில் எழுதுங்கள். அடுத்த செக்கப்பில் இதய மருத்துவரிடம் ‘தூக்கம் இல்லை, அந்த நினைவு தானாக வந்து மோதுகிறது’ என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இதயம் நின்று மீண்டவர்களுக்கு பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு) வருவது தெரிந்த விஷயம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. அவர் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள்.