62 மீட்டரில் நின்ற மோட்டார்: கிளைடர் போட்டி அனுபவங்கள்

பொட்டல்காரன், காரைக்குடி:

போன பங்குனியில் கானாடுகாத்தான் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு கண்மாயில் எங்களுக்குள்ளேயே ரிமோட் கிளைடர் போட்டி வைத்தோம். மொத்தம் நாலே பேர். ‘பக்கத்திலேயே இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறதே, அங்கே போய் விடலாமே’ என்று கேட்காத ஆளில்லை. அது நம் இஷ்டத்துக்கு நுழைகிற இடமில்லை. கண்மாய் போதும். என்ன, சுற்றிலும் சீமைக் கருவேலம்.

எஃப்5ஜே முறையில் வைத்தோம்; மோட்டாரில் ஏறி, பிறகு அதை அணைத்து மிதக்கிற கிளைடர்களுக்கான போட்டி விதி அது. அவகாசம் 10 நிமிடம். பறக்கிற ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு மதிப்பெண். மேலே ஏற மோட்டார் உண்டு, ஆனால் ஒரே ஒரு தடவை, அதிகபட்சம் 30 வினாடி. அதற்கப்புறம் காற்று விட்ட வழி. மறுபடி மோட்டாரைத் தொட்டால் அந்தச் சுற்று பூஜ்யம்.

இதில் வில்லங்கம் உயரத்தில் இருக்கிறது. மோட்டார் எந்த உயரத்தில் நின்றதோ, அந்த மீட்டர் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழியும். 200 மீட்டரைத் தாண்டினால் மீட்டருக்கு 3. அதாவது 200-ல் விட்டால் 100 போகும்; 210-க்குப் போனால் 130. அணைத்த பிறகு வேகத்திலேயே கொஞ்சம் மேலே தாவிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. மோட்டார் நின்ற அடுத்த 10 வினாடிக்குள் எட்டிய உயரத்தையும் கிளைடரில் இருக்கிற உயரமானி (ஆல்டிமீட்டர்) சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

நான் பயந்தவன். 180 மீட்டர் வரை விட்டேன். கழிவு 90. பரவாயில்லை, மேலே ஏறிவிட்டோம் அல்லவா என்று நிம்மதியாகச் சுற்றினேன். 9 நிமிடம் 52 வினாடி. இறங்கினது குறிக்கு ஐந்து மீட்டருக்குள், அதற்கு 30. மொத்தம் 532. அன்றைக்கு நான்தான் முதல் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தேவகோட்டைத் தம்பிக்கு ஏறும்போதே மோட்டார் நின்றுவிட்டது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈஎஸ்சி சூடேறிக் கைவிட்டிருக்கிறது. ஆல்டிமீட்டரில் பிறகு பார்த்தோம்: 62 மீட்டர். அந்த உயரத்தில் மோட்டார் இல்லாவிட்டால் சாதாரணமாக இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. அவன் முகம் செத்துப்போனது. ‘அண்ணே, இறக்கிடவா?’ என்றான். ‘அவசரப்படாதே, எதையாவது தேடு’ என்றேன். எதைத் தேடுவது என்று எனக்கே தெரியாது.

கண்மாய்க்குத் தெற்கே ஒரு செங்கல் காளவாசல் எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் காற்று மேலே எழும். புகை எங்கள் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவன் கிளைடரைப் புகைக்கு உள்ளே விடவில்லை. புகை கலைந்து தெரியாமல் போகிற இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே கொண்டுவந்தான். இடது இறக்கை லேசாகத் தூக்கியது. யாரோ கீழிருந்து விரலால் நெம்புகிற மாதிரி. அவன் உடனே அந்தப் பக்கம் திருப்பி இறுக்கமாக வட்டம் போட்டான். நாலு வட்டத்தில் எங்கள் எல்லோருக்கும் மேலே போய்விட்டான்.

580 வினாடி. கழிவு வெறும் 31. இறக்கத்துக்கு 45. மொத்தம் 594. குழுவில் முதலாக வந்தவருக்கு 1000, மற்றவர்களுக்கு அதன் விகிதம். அப்படிப் பார்த்தால் எனக்கு 896. கெட்டுப்போன ஈஎஸ்சியிடம் தோற்றவன் நான்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். எந்த முறையில் பறக்கிறீர்கள்?

ஊருணி66, தேவகோட்டை:

அந்தத் தம்பி நான்தான். காளவாசல் என் மூளைக்கு எட்டவே இல்லை, அண்ணே. கிளைடர் காற்றோடு நழுவிப் போனது, இறக்கை தூக்கியதும் திருப்பினேன். திறமை என்று எழுதாமல் விட்டதற்கு நன்றி. ஒன்றை மறந்துவிட்டீர்கள்: அதற்கடுத்த சுற்றில் காற்றில் தள்ளிப்போய் கருவேலத்துக்குள் இறக்கினேன். குறியிலிருந்து 75 மீட்டருக்கு அப்பால் இறங்கினால் மொத்தமும் பூஜ்யம். வால் துண்டை எடுக்க முள்ளுக்குள் போனதில் கைலி கிழிந்தது தனிக் கதை.

பள்ளத்தூர் மருமகன்:

எனக்கு மோட்டாரே பிடிக்காது. எஃப்3ஜே-தான், ஆள் நூலை இழுத்துக்கொண்டு ஓடிக் கிளைடரை மேலே ஏற்றுகிற முறை. 150 மீட்டர் நூல், இழுக்க இரண்டு ஆள். பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோது மச்சான்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு அறுத்த வயலுக்குப் போனேன். நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போது ஒருத்தர் வரப்பில் இடறி விழுந்தார். இன்னொருத்தர் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டார். நூல் தொய்ந்து கிளைடர் மூக்குக் குத்தித் தரையில். மதியம் கவுனி அரிசி பரிமாறும்போது என் இலைக்கு மட்டும் கொஞ்சமாக வந்தது. மச்சான் முழங்காலில் மஞ்சள் பூசியிருந்ததைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

எஃப்5ஜே வந்த பிறகு ஆள் பிடிக்கிற தொல்லை போனது என்பது உண்மைதான். ஆனால் நூலில் ஏறும்போது கிடைக்கிற அந்த இழுவை மோட்டாரில் இல்லை. சரிவில் பறக்கிற எஃப்3எஃப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். 100 மீட்டர் தூரத்தை 10 தடவை கடக்க நமக்குச் சரிவு எங்கே இருக்கிறது? இருக்கிறது குன்றக்குடி, அது முருகனுக்கு.

எறிகை, காரைக்குடி:

நான் எஃப்3கே, கையால் எறிந்து பறக்கவிடுகிற முறை. ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாத இறக்கை, நுனியில் சின்ன ஆணி, அதைப் பிடித்து வட்டு எறிவது மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி வீச வேண்டும். கல்லூரி மைதானத்தில் முதல்நாள் வீசினபோது நானும் கிளைடரும் சேர்ந்தே விழுந்தோம்.

இதில் பணிகள் விதவிதமாக இருக்கும். எனக்குப் பிடித்தது 1, 2, 3, 4 நிமிடப் பறத்தல்கள் கொண்டது. எந்த வரிசையிலும் பறக்கலாம், ஆனால் கூட்டிப் பாருங்கள், 10 நிமிடம். அவகாசமும் அதே 10 நிமிடம். அதனால் கையில் பிடித்து மறுபடி வீசுகிற இடைவெளியில் போகிற ஒவ்வொரு வினாடியும் நஷ்டம். தரையில் விழுந்து ஓடி எடுத்தால் தீர்ந்தது.

போக்கர் என்று ஒன்று உண்டு. இவ்வளவு நேரம் பறப்பேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னதை எட்டினால் அந்த நேரம் மட்டும் கிடைக்கும், கூடப் பறந்தது வீண். எட்டாவிட்டால் ஒன்றுமில்லை, அதே நேரத்துக்குத் திரும்ப முயல வேண்டும். நான் வாய்க்கொழுப்பில் 3 நிமிடம் என்றேன். ஐந்து தடவை வீசினேன். கடைசி எறிதல் 2 நிமிடம் 51 வினாடி. 2 என்று சொல்லியிருந்தால் மூன்றாவது எறிதலிலேயே தப்பித்திருப்பேன்.

பொட்டல்காரன்:

மருமகனே, நூல் இழுக்க ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடாதீர்கள். எறிகைக்கு ஒரு தகவல்: அந்த 62 மீட்டருக்குப் பிறகு எங்களுக்கும் வாய்க்கொழுப்பு வந்தது. அடுத்த மாதம் நாலு பேரும் போட்டி போட்டுக்கொண்டு 60-க்குக் கீழேயே மோட்டாரை அணைத்தோம். மூன்று பேர் இரண்டு நிமிடத்துக்குள் தரையில். நான் ஆட்டுக் கிடைக்கு நடுவே இறக்கினேன். குறியிலிருந்து எத்தனை மீட்டர் என்று டேப் பிடிக்க ஆடுகள் விடவில்லை. 120 மீட்டரில் விட்டிருந்தாலும் 60 மதிப்பெண்தான் போயிருக்கும். இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றிருந்தால் அது திரும்பி வந்திருக்கும். இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு இறக்கை உடைய வேண்டியிருந்தது.

காளவாசல்காரரிடம் அடுத்த சூளை எப்போது என்று கேட்டேன். மாசிக் கடைசியில்தானாம். போட்டித் தேதியை அதற்கேற்ற மாதிரி தள்ளி வைக்கச் சொல்லி இரண்டு பேர் நச்சரிக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருணித் தம்பி, நீ பேசக்கூடாது.