சென்னையில் உறைய வைத்த கருமுட்டைகளை கொழும்புக்குக் கொண்டுவருவது எப்படி?

வயது 36, ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 0.9. போன வருடம் சென்னையில் 11 கருமுட்டைகளை உறைய வைத்தேன். இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். சிகிச்சையை இங்கேயே தொடர விருப்பம்.

இந்தியாவின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி சொந்த முட்டைகளைச் சொந்தத் தேவைக்கு வெளிநாடு அனுப்ப, அந்தச் சட்டத்தின் கீழுள்ள தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். சென்னை கிளினிக் "கொழும்பு வைத்தியசாலை முதலில் கடிதம் தரட்டும்" என்கிறது. இங்கே கேட்டால் "முதலில் அனுமதி எடுங்கோ" என்கிறார்கள். வாரியத்துக்கு மின்னஞ்சல் போட்டேன், பதிலில்லை. கூரியர் கம்பனி ஒன்று திரவ நைட்ரஜன் குடுவைக்கு விலை சொன்னது. சரி, கட்டுநாயக்க விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் போடாமல் விடுவார்களா என்று கேட்டேன், அதோடு பேச்சில்லை. (அம்மா ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறார். முட்டைகள் இருப்பது மைனஸ் 196 பாகையில்!)

இப்படிக் கொண்டுவந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அனுமதிக்கு விண்ணப்பித்தது நீங்களா, கிளினிக்கா?